மடல் வேறு, சோணை வேறு

தெருவில் அவருக்கு வைத்த பெயர் அகராதி. கேலி என்று தெரியாமல் அதைப் பட்டமாக எண்ணிப் பூரித்துப் போகிற அளவுக்குத்தான் அவருக்கு உலகம் தெரியும். யாராவது "காது குடையுது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். "எது? வெளிக்காதா, நடுக்காதா, உட்காதா?" என்று மூன்று கதவையும் திறந்துபோட்டுக்கொண்டு நிற்பார். வலிக்காரன் எந்தக் கதவிலும் நுழையாமல் ஓட்டம் பிடிப்பான்.

துணிக்கடை நடத்தும் அவர் மனைவிக்கு அப்படி ஓடவும் வழியில்லை. அகராதியின் வலது காதின் கீழ்ச்சதையில், பின்பக்கமாக, ஒரு கட்டி. இரண்டு முறை ரத்தம் கசிந்துவிட்டது. "எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் என்னன்னு தெரியும். தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கோ செவிமடல், குருத்தெலும்பு, சோணை என்று நாளுக்கொரு சொல் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டியைவிட வேகமாக வளர்ந்தது அந்த அறிவுதான்.

அறுவைசிகிச்சை அறைக்கு வெளியே, முதுகில் நாடா அவிழ்ந்த பச்சை அங்கியோடு, பெஞ்சில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுப் பிடித்தபடி அவள் வாசலோரம் நின்றாள்.

நர்ஸ் வந்தாள். "சார், வலது காது மடல்ல இருக்கற கட்டியை எடுக்கப்போறோம். சரிதானே?"

"இல்லை."

நர்ஸின் பேனா அப்படியே நின்றது. "இல்லையா?"

"மடல்ங்கறது மேல, குருத்தெலும்பு இருக்கற பாகம். என் கட்டி இருக்கறது கீழ்ச்சதையில, அதாவது சோணையில. மடல் வேற, சோணை வேற. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்களுக்கு இதுகூடத் தெரியலைன்னா எப்படிம்மா?"

"சார், நீங்க உங்க வாயால ஆமான்னு சொல்லணும். இல்லைன்னு சொல்ற ஆளை உள்ளே அனுப்ப மாட்டோம்."

டாக்டரே வெளியே வந்தார். "வெளியில தெரியற காது முழுக்க மடல்தான் சார். சோணை அதுல ஒரு பாகம்."

"நான் படிச்சது அப்படி இல்லை."

"எங்கே படிச்சீங்க?"

"பல இடத்துல."

காதை அறுத்துத் தைத்தே பிழைக்கிற மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்தவரைக் கூப்பிடுங்க. இவருக்கு அடுத்த மாசம் ஒரு தேதி கொடுங்க."

அடுத்த மாசம் என்றதும் அவள் பையோடு முன்னால் வந்தாள். "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று குறுக்கிட்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, காலர்ல கறை பட்டா சட்டையில கறைன்னு சொல்லுவோமா, மாட்டோமா?"

"உன் கடைப் பேச்சைக் கடையோட வெச்சுக்க."

பக்கத்து பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் அவள் அவர் கைகளைப் பார்த்தாள். பெஞ்சின் விளிம்பை, அது ஓடிவிடும் என்பது போலப் பிடித்திருந்தன. அந்தப் பிடி அவளுக்குப் புரிந்தது. கடைக்கு வந்து நூலின் பெயர், நெசவின் பெயர், சாயத்தின் பெயர் எல்லாம் சொல்லித் துணியைப் புரட்டுகிறவன் ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டான். இவரும் வாங்க வந்த ஆள் இல்லை.

"பயமா இருக்கா?" என்றாள் மெதுவாக.

"பயம் வேற, முன்னெச்சரிக்கை வேற."

"இருக்கட்டும். மடல்னு சொன்னாலும் அது வளரும், சோணைன்னு சொன்னாலும் வளரும். அதுக்குப் படிப்பு கிடையாது."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நர்ஸ் முந்திக்கொண்டாள்.

"எந்தக் கட்டி சார்? தொட்டுக் காட்டுங்க."

விரல் மேலே போயிற்று. "இது."

"எங்கே இருக்கு?"

"...காதுல."

"எந்தக் காது?"

"வலது."

"எடுத்துடலாமா?"

"ஆமா."

கல்யாணமான நாளிலிருந்து, முன்னும் பின்னும் திருத்தம் ஒட்டாத ஒரு ஆமாவை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் தலையசைக்க, அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "முழுசா வந்துடுச்சும்மா. பார்த்த வரைக்கும் பயப்படற மாதிரி இல்லை. ரிசல்ட் வரட்டும்." அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவரை அழைத்து வந்தார்கள். காதில் வெள்ளைக் கட்டு, முகத்தில் பழைய களை.

"பார்த்தியா? அந்த நர்ஸ் கடைசியில நான் சொன்னதை ஒத்துக்கிட்டா."

"எதை?"

"சோணை வேறன்னு சொன்னேனே. அதுக்கு மேல அவ மடல்ங்கற பேச்சையே எடுக்கலை, கவனிச்சியா?"

அவள் குனிந்து கட்டைப் பார்த்தாள். ரத்தக் கசிவு ஏதும் இல்லை.

"ஒத்துக்கிட்டா, ஒத்துக்கிட்டா" என்று பையிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டாள். "மாட்டுங்க, கடை திறக்கணும்."