இருபதாவது ஆமை

நான்காவது கூண்டைத் தூக்கும்போது தையல்காரரின் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. அவர் அதைத் தேடவில்லை. ஏரித் தண்ணீர் இடுப்புவரை நின்றது. அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டையில் பாதி பச்சையாகிவிட்டது. கரையில் நோட்டும் பென்சிலுமாக நின்ற மச்சினன் நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் அவர், எதையும் நேரம் பார்த்துச் செய்தே பழக்கம்.

"மச்சான், வீட்டுல அக்காவைக் கெடத்திட்டு நாம இங்க ஆமை பிடிச்சிட்டிருக்கோம். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நாலு மணிக்குத்தானே எடுக்கறாங்க. வெயில் ஏறினா இதுங்க கூண்டுலயே வெந்துடும். உங்க அக்கா சும்மா விடுவாளா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நேற்றுச் சாயங்காலம் இந்த ஆறு கூண்டுகளையும் தன் கையாலேயே வைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்தவள், விடிந்து எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுக்க மகள் அலமாரியைத் திறந்தபோது சிவப்பு நெயில் பாலிஷ் புட்டி ஒன்று உருண்டு விழுந்தது. கையில் எடுத்தவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா, கூண்டு!" என்றாள். "நீங்க போங்கப்பா. இங்க நான் பாத்துக்கறேன்."

அந்தச் சிவப்பை அவள் அம்மா ஒருநாளும் நகத்தில் போட்டதில்லை. எல்லாம் ஆமைகளுக்குத்தான். ஏரியில் எத்தனை உயிர் இருக்கிறதென்று எண்ணிச் சொல்வது அவள் உத்தியோகம். பார்க்காமலே எண்ணுகிற வித்தை என்று கல்யாணமான நாளிலிருந்து தையல்காரர் அவளைக் கிண்டலடித்து வந்தார். ஒருதரம் அவள் பொறுக்கமாட்டாமல் அவருடைய பொத்தான் டப்பாவிலிருந்து ஐம்பதை அள்ளி, சிவப்புப் புள்ளி வைத்து, திரும்பப் போட்டுக் குலுக்கினாள். மறுபடி ஐம்பது அள்ளினாள். ஐந்தில்தான் புள்ளி இருந்தது.

"பத்துல ஒண்ணு செவப்பு. நான் புள்ளி வெச்சது ஐம்பது. அப்ப டப்பாவுல மொத்தம் ஐநூறு."

அவரா விடுவார்? உட்கார்ந்து டப்பா முழுவதையும் எண்ணிவிட்டு, "நானூத்தி எண்பத்தேழு! பதிமூணு தப்பு!" என்று கத்தினார். அவள் கைதட்டிச் சிரித்தாள். "இவ்வளவு கிட்டக்க வரும்னு நானே நினைக்கல." அந்தப் பொத்தான்கள் இப்போதும் ஊரில் எத்தனையோ சட்டைகளில் திரிகின்றன.

நேற்று ராத்திரியும் அதே பேச்சுதான்.

"போன வருஷம் நூத்தம்பத்திரண்டு. இந்தத் தடவை ஒண்ணாவது கூடணும். அதுதான் என் ஆசை."

"கண்ணுல படாததுக்குக் கணக்கு வேறயா? அடிச்சு விடறே."

"காலையில நீங்களே வந்து கூண்டைத் தூக்கிப் பாருங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதுவே கடைசிப் பேச்சாகிவிட்டது.

பத்து நாளைக்கு முன்னால் அவள் நாற்பது ஆமைகளுக்குக் கழுத்துக்குப் பின்னால் ஓட்டில் புள்ளி வைத்து ஏரியில் விட்டிருந்தாள். இன்று ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றைத் துடைத்தார். சிவப்பு தெரிந்தபோதெல்லாம், "மாப்ள, இதோ அவ வெச்சது!" என்று துள்ளினார். மச்சினனும் கைதட்டினார். நான்கு கூண்டில் பதினான்கு ஆமை, ஐந்து சிவப்பு. ஐந்தாவதில் ஐந்து ஆமை இருந்தன, ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

"என்ன மச்சான், இதுல அக்கா கையே படலையே" என்று மச்சினனுக்கு முகம் விழுந்துவிட்டது.

தையல்காரர் அப்படியே நின்றார். பொத்தான் டப்பா கண்முன் வந்தது. சின்ன டப்பாவாக இருந்தால் கை வைத்த இடமெல்லாம் சிவப்பு வரும்.

"மாப்ள, செவப்பு கொறஞ்சாத்தான்டா ஏரியில ஆமை ஜாஸ்தி."

"அப்ப இவ்வளவு நேரம் கைதட்டினோமே?"

"நமக்கு நாமே ஆப்பு வெச்சுக்கிட்டோம்."

கரைக்கு வந்து, ஈரக்கையோடு நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். நாற்பதைப் பத்தொன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தார். நூற்று ஐம்பத்திரண்டு. போன வருஷத்து எண்ணேதான்.

"அக்கா ஆசைப்பட்டாளே. புள்ளி இல்லாதது ஒண்ணு சேத்து எழுதிடவா?" என்று மச்சினன் மெல்லக் கேட்டார்.

"அவ எழுதுவாளா?"

மச்சினன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

மறுபடி இறங்கித் தூக்கிய ஆறாவது கூண்டில் ஒரே ஒரு ஆமை இருந்தது. உள்ளங்கை அளவுதான், ஓடு முழுக்கக் கறுப்புச் சேறு. தூக்கும்போதே தையல்காரர் மனசுக்குள் கணக்கு ஓடிவிட்டது. புள்ளி இருந்தால் நூற்று முப்பத்து மூன்று. இல்லாவிட்டால் நூற்று அறுபது. இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஆனால் இதுதான் கடைசி ஆமை. இதற்குப் பிறகு அவள் விரல் பட்ட புள்ளியை எங்கே போய்ப் பார்ப்பது?

கட்டை விரலால் துடைத்தார். சேறு வழிந்து ஓடு தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"என்ன மச்சான், செவப்பா?"

"இல்ல. எழுதிக்கோ."

"நூத்தறுவது!" மச்சினன் கரையில் குதித்தே விட்டார். "ஜெயிச்சுட்டா மச்சான், அக்கா ஜெயிச்சுட்டா!" சத்தம் தண்ணீரின் மேல் போய்த் திரும்பி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "வாங்க, போலாம்" என்றார்.

தையல்காரர் இன்னும் தண்ணீரில்தான் நின்றிருந்தார். ஆமையை விடவில்லை. சட்டையின் நுனியை நனைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, அதே இடத்தை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.