காயப்போட்ட சவ்வு

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த மருந்துக் கம்பெனியில் காலைச் சிப்ட் முடிந்தும் கேட் திறக்கவில்லை. தொட்டியில் சிவப்பு குறைந்துவிட்டது.

சிவப்பு என்றால் சாயமில்லை. ருத்தேனியம் கலந்த வினையூக்கி. அங்கே செய்யும் மருந்து இடக்கை, வலக்கை மாதிரி இரண்டு வடிவில் வரக்கூடியது. ஒரு கைதான் நோய்க்கு ஆகும். அந்த ஒன்றை மட்டும் விளையவைப்பது இந்த உலோகம். வேலை முடிந்ததும் கலவையை அழுத்தி ஒரு சவ்வு வழியே தள்ளுவார்கள். மருந்து கீழே பீப்பாய்க்கு இறங்கிவிடும். சிவப்பு மேலேயே நின்று அடுத்த பேட்ச்சுக்கு உழைக்கும். விலையோ தங்கத்தை ஓரமாய்ப் போகச் சொல்லும்.

அதனால் முதல் பேச்சே களவுதான். தொட்டி வேலைக்காரன் மலையாண்டியையும், கூட்டிப் பெருக்கும் அவன் பெண்டாட்டி அன்னக்கொடியையும் கேட்டை ஒட்டிய அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் பேச்சிமுத்து தூக்குவாளியைக்கூட விடவில்லை.

"மாப்ள, ரசம் செவப்பால்ல இருக்கு. இதுல கரைச்சுட்டியோ?"

"குடிச்சுப் பாரு மாமா. ஒரு கைக்கு மட்டும் வைத்தியமாகும்."

மேனேஜர் ரவிசங்கர் எட்டிப் பார்த்தார். "மலையாண்டி, எடுத்திருந்தா குடுத்துரு. இல்லேன்னா போலீசுதான்."

அவர் தலை மறைந்ததும் அன்னக்கொடி கிசுகிசுத்தாள். "ஏங்க, அந்த வட்டத் தோலுனால இருக்குமோ? நேத்து ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழுவுன்னீங்க. அதையும் கழுவி, பொட்டு வச்சு, வெயில்ல காயப்போட்டேன். பெறகு பொட்டை அழிச்சுட்டுப் பழையபடி தட்டுல முக்கிட்டேன்."

சவ்வு எந்நேரமும் சால்வன்ட் திரவத்தில் ஊறிக் கிடக்கவேண்டும். காய்ந்தால் வெடித்துப்போகும். மலையாண்டிக்கு அது தெரியும், அவளிடம் சொன்னதில்லை. இப்போது வாயை மூடினால் திருட்டுப் பட்டம். திறந்தால் அவள் வேலை போகும். எந்தப் பக்கமும் நகர வழியில்லை.

"சார்!" என்று கத்தினான். "சவ்வைக் காயப்போட்டது நாந்தான் சார்."

பீப்பாயைத் திறந்தார்கள். தெளிந்திருக்க வேண்டிய மருந்து செம்பருத்தித் தண்ணீராய்க் கிடந்தது. உலோகம் வெடிப்பு வழியே இறங்கி, அதில்தான் இருந்தது.

ரவிசங்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "களவு இல்ல, சரி. ஆனா இம்புட்டையும் பிரிச்சு எடுக்குற வரைக்கும் நீ வெளிய போகக் கூடாது. அந்தம்மாவை அனுப்புங்க."

பேச்சிமுத்து ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கேட்டைத் திறந்து அவளை விட்டுவிட்டுப் பூட்டினான். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"எம்பேரைச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா ஒன்ன வீட்டுக்கு அனுப்பிட்டு, பெறகு கூப்பிடவே மாட்டாக."

"இப்ப ஒங்கள அனுப்ப மாட்டேங்கிறாகளே."

"ராத்திரிக்குச் சோறு கொண்டா" என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தான்.