ரீட்டாவின் இடது இடுப்பு

பிறந்த சில நாளிலேயே செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்குழந்தை, கூடலூர் ரீட்டாவின் இடது இடுப்பில் உட்கார்ந்து மாதாமாதம் எடை கூடிக்கொண்டு வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையை வைத்துத் துழாவினாலும் வெறும் காற்றுதான். ஆனால் பாரம் இருந்தது. குமுளி மேட்டு ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் அவள் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுநர் கருத்தக்கண்ணன் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தான், அடியில் வில்பட்டையைப் பார்த்தான், கடைசியில் அவளை நடுவில் உட்காரச் சொன்னான். அதன்பிறகு வண்டி நேராக ஓடியது. அவனும் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ரீட்டாவுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவது பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவள் ஜன்னி கண்டு சில நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது கட்டிலோரம் நின்றிருந்த அவள் கணவன் வின்சென்ட், இதுவும் பெண்தான், மூச்சுத் திணறி இறந்துவிட்டது, கல்லறைத் தோட்டத்தில் அடக்கமும் முடிந்துவிட்டது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். பால் வற்றியது. இடுப்பின் இழுப்பு மட்டும் நிற்கவில்லை. ஆபரேஷன் வலி என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஏலக்காய் எடை போடும் மிஷினில் பெண்கள் விளையாட்டாக ஏறி இறங்கிய ஒரு மத்தியானம் அவளையும் ஏற்றிவிட்டார்கள். சாப்பாடு இறங்காமல் குச்சியாகப் போயிருந்தவள், மாசமாக இருந்தபோது நின்றதைவிடக் கனமாக நின்றாள். அடுத்த மாதம் இன்னும் கூடியிருந்தது. மழைக்காலத்தில் ஒரு வாரம் பாரம் சட்டென்று குறைந்தபோது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய கனம் திரும்பும்வரை அவள் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

பிறகுதான் ஒருநாள் சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்த வின்சென்டிடம் கேட்டாள்.

"ஏங்க, புள்ளைய எங்கன விட்டீக?"

"கிறுக்கா ஒனக்கு? செத்த புள்ளைய..."

"செத்த புள்ள வயித்தால போனா எளைக்குமா? எளைச்சு, திரும்பத் தேறுமா? என் இடுப்புலதான இருக்கு. எங்கன விட்டீக?"

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுச் சொன்னான். விடிவதற்கு முன்னால் துண்டில் சுற்றிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறி, பிள்ளைகளை விட்டுப்போவதற்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் தொட்டிலில் கிடத்திவிட்டு வந்திருந்தான். அங்கே பெயர் கேட்கமாட்டார்கள். ஊரில் புதைத்த பெட்டிக்குள் இரண்டு பாக்கெட் உப்பு. தூக்குகிறவர்களுக்குக் கனம் தெரியவேண்டும் என்பதற்காக. அதற்குத்தான் சாமியார் வந்து மந்திரித்து, மண்போட்டுப் போனார். "மூணாவதும் பொண்ணுன்னதும் எனக்குப் பயமாப் போச்சு ரீட்டா. வச்சிட்டுக் கொஞ்ச நேரம் அங்கனயேதான் நின்னேன்," என்றான். ரீட்டா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாள் காலையில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனாள்.

குழந்தைகள் நலக் குழுவின் தலைவி ஹேமாவதி நிதானமான பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விவரம் சொன்னார். குழந்தையின் படத்தைப் பேப்பரில் போட்டு, சட்டம் சொன்னபடி இரண்டு மாதம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தை என்று அறிவித்து, பிள்ளையில்லாத ஒரு தம்பதிக்குத் தத்துக் கொடுத்தாயிற்று. யார், எந்த ஊர் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

"இப்ப அந்தப் புள்ளைக்கு வேற அம்மா இருக்காகம்மா," என்றார்.

"நான் எங்கயும் கையெழுத்துப் போடலயே, மேடம்."

"அதனால நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா ஒங்க வீட்டுக்காரர் மேல கேஸ் வரும்."

பிள்ளை உயிரோடு இருப்பது எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டதற்கு, ரீட்டா செருப்பைக் கழற்றிக் காட்டினாள். இடது செருப்பு தகடுபோலத் தேய்ந்திருந்தது. வலதில் கடையில் ஒட்டிய சீட்டுகூட உரியவில்லை. ஹேமாவதி நெடுநேரம் பார்த்தார். அதை எந்தச் சட்டப்பிரிவில் சேர்ப்பது என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

வழக்கு நடந்தது. வின்சென்ட் கூண்டில் ஏறி ஒன்றையும் மறைக்காமல் சொன்னான், அதன் பலனாகச் சிறைக்குப் போனான். அந்த நாட்களில் பாரம் சிலசமயம் மறைய ஆரம்பித்தது. முதல்தடவை நடுரோட்டில் அது நடந்தபோது ரீட்டா பதறிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பாரம் திரும்பி வந்தது. பிறகு புரிந்துகொண்டாள். எங்கோ ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போதெல்லாம் இவள் இடுப்பு காலியாகிறது. இறக்கிவிட்டால் இங்கே வந்துவிடுகிறது.

கடைசி விசாரணை நாளன்று காலையிலிருந்தே இடுப்பில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இல்லை, கோர்ட் வாசலில் இல்லை, மத்தியானம் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் இல்லை. அந்தத் தம்பதியின் சார்பில் வக்கீல் மட்டும் வந்திருந்தார். கேஸைக் கேள்விப்பட்ட அந்தப் பெண், எழுந்ததிலிருந்து பிள்ளையைத் தரையில் விடாமல் வைத்திருக்கிறாள் என்று ரீட்டாவுக்குத் தெரிந்தது. கை கடுக்கும், சாப்பிட்டிருக்கமாட்டாள் என்றுகூட நினைத்தாள்.

நீதிபதி, குழந்தையைத் திரும்பக் கேட்கிறீர்களா என்று கேட்டார். கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். வாய் திறந்தபோது வேறு வந்தது.

"அது அங்கனயே இருக்கட்டும்யா. எடுத்தா அந்தம்மா செத்துப்போகும். ஆனா பெத்தவுக கைவிட்ட புள்ளைன்னு எழுதியிருக்காக. அப்பன் விட்டாரு. நான் விடல. அத மட்டும் அடிச்சிருங்கய்யா."

கைவிட்டதில் தாய்க்குப் பங்கில்லை என்று திருத்தி எழுத நீதிபதி உத்தரவிட்டார். தத்து நிலைத்தது. ஊருக்குத் திரும்பும்போது, உத்தமபாளையம் தாண்டியதும், பாரம் இடுப்பில் வந்து அமர்ந்தது. வழக்கத்தைவிடக் கனமாக, தோளோடு சாய்ந்து. தூங்கிவிட்டிருந்தது. ரீட்டா முந்தானையைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், பஸ் கூடலூர் சேரும்வரை அழுதாள்.

வின்சென்ட் தண்டனை முடிந்து வந்து, வெளிக்கூடத்தில் படுத்துக்கொண்டான். ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஒரு தடவ நான் வாங்கிக்கிறவா?" என்று கையை நீட்டினான். அவள் மறுக்காமல் இடுப்பைச் சாய்த்துக் கொடுத்தாள். அவன் கையில் எதுவும் இறங்கவில்லை. நீட்டிய கையோடு கொஞ்சநேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனான். ரீட்டாவின் முதுகு இடப்பக்கம் வளைந்தது. டாக்டர் பெல்ட் போடச் சொன்னார். அவள் போடவில்லை. மாதாகோயில் பெஞ்சில் அவளுக்கு இடப்பக்கம் யாரும் நெருக்கி உட்காருவதில்லை. தேர்த் திருவிழாவில் மாலை கொடுக்கிறவர்கள் அவளுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கூட வயது வந்த வருடம், பள்ளி திறந்த ஒரு ஜூன் மாதக் காலையில், சாரல் காற்று தகரங்களைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தபோது, மகள்களோடு தெருவில் போய்க்கொண்டிருந்த ரீட்டா சட்டென்று நிமிர்ந்தாள். முதுகு நேரானது. பெரியவள் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பாரம் எங்கம்மா? போயிருச்சா?"

ரீட்டா தன் இடப்பக்கம் கீழே பார்த்தாள்.

"எறங்கி நடக்குறாடி," என்றாள். "மெதுவாப் போங்க."