வெளிப்பூட்டு

எங்கள் பர்னிச்சர் குடோனுக்கு செக்யூரிட்டி கம்பெனி தேடுகிறோம் என்றதும் இரண்டு கம்பெனிக்காரர்கள் ஒரே காலையில் குடோன் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இருவரிடமும் ஒரே நிபந்தனையைச் சொன்னார். காவலாளி உள்ளே இருக்க வேண்டும், ஷட்டரை வெளியே இருந்து நாங்கள் பூட்டுவோம், சாவி எங்கள் வீட்டில் இருக்கும். இது என் மாமனார் ஆரம்பித்து வைத்த வழக்கம். காவலாளியே சரக்கைக் கைமாற்றிவிடுவான் என்று அவருக்குப் பயம். அவர் யாரையும் நம்பமாட்டார், மருமகள் என்னையும் சேர்த்துத்தான்.

அந்தப் பூட்டுக்குள்தான் எங்கள் பழைய வாட்ச்மேன் நெஞ்சுவலியில் செத்துப்போனார். தட்டித் தட்டி அவர் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதிலிருந்து, குடோனைப் பூட்டினால் போதும், பட்டப்பகலில்கூட உள்ளே யாரோ தட்டுவது எனக்குக் கேட்கிறது. "காத்துல தகரம் ஆடுது" என்பார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்று எங்காவது கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி தட்டுமா?

முதலில் டை கட்டியவர் பேசினார். "சார், உங்க இஷ்டம். வெளிய பூட்டுங்க, சீல் வேணும்னாலும் வைங்க. நம்ம ஆளுங்க வாயே திறக்கமாட்டாங்க." அவர் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்காததுதான் ஆச்சரியம்.

அடுத்தவர் ஒரு அம்மா. சின்னக் கம்பெனி, அவரே முதலாளி. "இதுக்கு முன்னாடி இருந்தவர் ஏன் நின்னுட்டாரு?" என்று கேட்டார்.

"உடம்பு சரியில்ல," என்றார் இவர்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"செத்துட்டாரு," என்றேன் நான். "காலையில நாங்க போய்த் திறக்கறப்பதான் தெரிஞ்சுது."

அந்த அம்மா பையை மூடிக்கொண்டு எழுந்தார். "என் ஆள் உள்ள இருந்தா சாவியும் அவர் கையிலதான் இருக்கும். முடியாதுன்னா மன்னிச்சுக்கங்க."

அவர் படியிறங்குவதற்குள் இவர் டைக்காரரிடம் பேனாவை நீட்டினார். இன்னொரு வீட்டு மனுஷனையும் உள்ளே வைத்துப் பூட்டப்போகிறோம்.

"ஒரு தடவ பூட்டிக் காட்டிடுங்க சார்," என்றார் டைக்காரர். கூடவே புதுக் காவலாளியையும் கூட்டி வந்திருந்தார். குடோன் முற்றத்துக்குப் போனோம். இவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். உடனே உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

டைக்காரர் சிரித்தார். "நம்ம ஆளு இப்பவே டெஸ்ட் பண்றான் பாருங்க!"

"சார், நான் இங்க இருக்கேன்," என்றான் காவலாளி. குழாயடியில் முகம் கழுவிவிட்டு எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

சத்தம் நிற்கவில்லை. டைக்காரரின் முகம் வெளுத்துப்போனது. "உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க. திறங்க சார்!"

"யாரும் இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "திறந்தா நின்னுடும். பூட்டினா மறுபடி ஆரம்பிக்கும். தினமும் வந்து திறந்து பாக்கறேன்."

என்னிடம் காற்று, காற்று என்று சாதித்த மனுஷன்! அறைந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அந்த அம்மா இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. இவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார், பின்னாலேயே நானும்.

"உங்க ஆளையே அனுப்புங்கம்மா. பூட்டை உள்பக்கமா மாத்திடறேன், சாவி அவர்கிட்டயே இருக்கட்டும்." இவருக்கு மூச்சு வாங்கியது. "நான் வெளிய நின்னு எத்தனையோ தடவ திறந்துட்டேன். செத்தவர் வெளிய வரமாட்டேங்கறாரு. உள்ள இருந்து யாராவது திறந்து விடட்டும்."