மிஸ் லோவெல்லின் பங்கு

1

இந்தக் கதை என் மனைவி லெய்தாவுடையது. அவள் குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்தது. எனக்கு இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் வேலியருகே நிறுத்திவிட்டாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மார்ச்சில் அவள் இறந்துபோனாள். ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

2

"1943. லூசோன் தீவின் மலைகளை ஜப்பானியப் படை..."

வேண்டாம். படையை வைத்துத் தொடங்கினால் கதை அவர்களுடையதாகிவிடும்.

2 (மறுபடியும்)

அன்று ஊரில் ஒரு பன்றி வெட்டினார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவன் பிழைக்க வேண்டுமென்று முன்னோருக்குப் படையல். போர்க்காலம், சின்னப் பன்றி. ஆகோப் கிழவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லித் துண்டு போட்டார். ஊராள் என்றால் பங்கு உண்டு. வெளியூர் போயிருந்தாலும் உண்டு.

"மிஸ் லோவெல்" என்று ஒரு துண்டை வைத்தார்.

மிஸ் லோவெல் அமெரிக்க மிஷன் நர்ஸ். பதினோரு வருஷம் அந்த ஊரில் பிரசவம் பார்த்தவள். போன வருஷம் ஜப்பானியர் மிஷனரிகளை எல்லாம் பிடித்துப் பாகியோ நகரத்துப் பக்கம் முள்வேலிக்குள் அடைத்தார்கள். அவளும் உள்ளே இருந்தாள்.

"யாரு கொண்டுபோறது மாமா?" என்றான் ஒருவன். "ரெண்டு நாள் நடை."

"இத்தனை வருஷமா மிஸ்ஸோட பங்கையும் சேத்துத் தின்னது யாரு? அவதான் போகணும்" என்றார் ஆகோப்.

எல்லோரும் பயோசாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

[விளக்கம்: மிஸ் லோவெல் படையல் இறைச்சி தொடமாட்டாள். அவள் வேதத்துக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வாங்கி, பக்கத்து வீட்டுப் பயோசாவிடம் கொடுத்துவிடுவாள். ஊருக்கே தெரியும். ஆனாலும் பங்கு போகாமல் இருந்ததில்லை.]

"போறேன். நான் என்ன பயந்தா கெடக்கேன்?" என்றாள் பயோசா. பயந்துதான் இருந்தாள். ஆனால் பங்கு போய்ச் சேராவிட்டால் அந்தப் பெயரை ஆகோப் மறுமுறை சொல்லமாட்டார். செத்தவர் பெயரைத்தான் அப்படி விடுவது வழக்கம்.

3

உப்பிட்டுப் புகையில் காயவைத்த துண்டை வாழைச்சருகில் சுற்றி, கூடையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வழியை நான் விவரிக்கப்போவதில்லை. மலை, மழை, மறுபடி மலை.*

*ஒரு சோதனைச் சாவடிக் காட்சி எழுதினேன். பயோசா அதில் மிகவும் தைரியசாலியாக இருந்தாள். நம்ப முடியவில்லை, அடித்து நீக்கிவிட்டேன்.

4

காவல்காரச் சிப்பாய் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான். அரைகுறையாக அவள் பாஷையில் கேட்டான்.

"அமெரிக்காக்காரிக்கா? அவ உனக்கு யாரு?"

"எங்க ஊர்க்காரி."

"பொய். மூஞ்சியப் பாரு, ஊர்க்காரியாம்!"

"மூஞ்சியப் பாத்தா பங்கு போடுறோம்? நீ வந்து எங்க ஊர்ல பத்து வருஷம் இரு. உனக்கும் ஒரு துண்டு உண்டு."

சிப்பாய் சிரித்தானா, அறைந்தானா? லெய்தா ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் சொன்னாள். [அறைந்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். அறைந்துவிட்டு, உள்ளே ஆள் அனுப்பினான்.]

மிஸ் லோவெல் வேலிக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கன்னம் சிவந்து நின்ற பயோசாவையும் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பயோசா, இது படையலா?"

இங்கேதான் நான் மூன்று நாள் நின்றேன். கடையில் வாங்கியது என்று ஒரு பொய் போதும், பசித்தவள் சாப்பிட்டுவிடுவாள். அப்படியே எழுதியும் பார்த்தேன்: "இல்ல மிஸ், சந்தையில..."

பயோசா அந்த வாக்கியத்தை முடிக்க மறுத்தாள்.

"படையல்தான் மிஸ். பொய் சொல்லி உங்களத் தின்ன வைக்க நான் இவ்வளவு தூரம் நடக்கல. ஆகோப் மாமா உங்க பேரச் சொல்லி வெட்டுனாரு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

மிஸ் லோவெல் நிமிர்ந்தாள். கம்பிகளுக்கிடையே இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள்.

பயோசா, வழக்கம்போல் அது தன்னிடம் திரும்பி வருமென்று காத்து நின்றாள். வரவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் சொல்லு," என்றாள் மிஸ் லோவெல். "வாங்கிக்கிட்டேன்னு சொல்லு."

5

முடிவு ஒன்று: அவள் அன்றே தின்றாள்.
முடிவு இரண்டு: முகாமில் பசித்திருந்த மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.
முடிவு மூன்று: ஜெபம்செய்து, ஒரு வாய் மட்டும்

இவற்றில் எதையும் எழுதமாட்டேன். லெய்தா ஏன் வேலியருகே நிறுத்தினாள் என்று இப்போது ஓரளவு புரிகிறது. பயோசாவும் அங்கேதான் நின்றாள். எட்டிப் பார்க்கவில்லை.

ஊரில் ஆகோப் கேட்டார்: "தின்னாளா?"

"அது அவ பாடு மாமா. பங்கு போய்ச் சேந்துருச்சு."

நீங்கள் வேண்டுமானால் வேலிக்கு உள்ளே போய்ப் பாருங்கள். நான் பயோசாவோடு திரும்பி நடக்கிறேன். வீங்கிய கன்னத்தோடு, தலை நிமிர்ந்து, எனக்கு முன்னால் வேகமாகப் போகிறாள்.