அம்மனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

என் வீட்டுக்காரர் பரந்தாமனுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்பது திருநின்றவூரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. செய்தித்தாளைக் கை நீளத்துக்கும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் பேப்பர்காரன் மையே ஊத்துறதில்ல" என்பார். தூரத்தில் வருகிறவரைப் பார்த்தாலும் அதே கதைதான். ஒருமுறை தபால்காரரை என் தம்பி என்று நினைத்து வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்து அனுப்பினார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஏனென்றால் இவர் வில்லாளி. எங்கள் கங்கையம்மன் விஜயதசமி அன்று குதிரை வாகனத்தில் தெருவுக்கு வருவாள். தெருக்கோடியில் வாழை மரம் ஒன்றை நடுவார்கள், அதுதான் அசுரன். அம்மன் சார்பாக அதன்மேல் அம்பு போடுவது இவர் குடும்பத்து உரிமை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வருஷம் முழுக்க சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷன், அன்றைக்கு மஞ்சள் தலைப்பாகையோடு கோயில் கல்லின் மேல் நிற்பார். ஊரே கையெடுத்துக் கும்பிடும். அந்த நேரத்தில் அவர் பரந்தாமன் இல்லை, அம்மன். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டினார்.

எண்பத்து நான்கில் அவர் விட்ட அம்பு வாழை மரத்தைச் சட்டை செய்யாமல் போய்த் தவிலைக் கிழித்தது. அடுத்த வருஷம் தவில்காரர் வயிற்றில் பழைய மெத்தை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசிக்க வந்தார். அம்பு உரிமையைப் பங்காளி வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. நான் தர்மகர்த்தா சண்முகசுந்தரத்திடம் போய் அழுதேன். "கண்ணாடி போடச் சொல்லும்மா" என்றார். சொல்லிப் பார்த்தாயிற்று, சோற்றுத் தட்டு பறந்ததுதான் மிச்சம். பிறகு நான்தான் கேட்டேன், ஆளை மாற்றுவதற்குப் பதில் மரத்தைக் கொஞ்சம் கிட்டே நட்டால் என்ன?

நட்டார்கள். பட்டது. அடுத்த வருஷம் இன்னும் கிட்டே. அதுவும் பட்டது. கடைசியில் மரம் எங்கே வந்து நின்றதென்றால், அம்பை விடவே வேண்டாம், கையால் குத்திவிட்டு வந்துவிடலாம். இவரோ ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து, "பாத்தியா சாமுண்டி, வயசாவ வயசாவ என் கண்ணு கூர்மையாயினே போவுது" என்பார். நான் ரசம் ஊற்றுவேன்.

தொண்ணூற்றிரண்டில் விதி கம்பெனி வழியாக வந்தது. கண்ணாடி போடாதவனுக்கு மிஷின் கிடையாது என்று உத்தரவு. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிக் கடை வைத்திருந்த இக்னேஷியஸிடம் போய், "அம்பு முனையும் தெரியணும், மரமும் தெரியணும்" என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் மேலே பாதி தூரத்துக்கு, கீழே பாதி கிட்டத்துக்கு என்று ஒன்று செய்து கொடுத்துவிட்டார். மரத்துக்குத் தாடையை இறக்கி, அம்புக்குத் தாடையை ஏற்றி, வீட்டுக்குள் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிக்கொண்டு நடந்தார். என்னைப் பார்த்து நின்றார். "இன்னாடி, உனக்கு இவ்ளோ நரையா கீது?" என்றார். அதற்கு நான் கவலைப்படவில்லை. அடுத்து அவர் சொன்னதற்குத்தான் கவலைப்பட்டேன். "இந்த வருஷம் இத்த போட்டுகினுதான் அம்பு போடப்போறேன்."

கண்ணாடியோடு வந்தால் மரம் மூக்கின் மேல் நிற்பது தெரிந்துபோகும். மனுஷன் உடைந்துபோவார். ஓடிப்போய் தர்மகர்த்தாவிடம் சொன்னேன். கோயில் கமிட்டி கூடியது.

"அம்பு போடும்போது நீ பரந்தாமன் இல்ல, அம்மன்" என்றார் சண்முகசுந்தரம், தன் சோடாபுட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அம்மன் கண்ணாடி போட்டு யாருனா பாத்துக்கீறீங்களா? அவளுக்குக் கண்ணு தெரியலன்னு நாமளே சொல்லலாமா?"

இவர் விடுவாரா? "கண்ணு நோவுன்னா அம்மனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறோமில்ல அண்ணாத்தே? கண்ணு சாத்தலாம், கண்ணாடி சாத்தக் கூடாதா? நானே செஞ்சு போடுறேன்."

ஆவடி பஜாரில் சேட்டுக் கடையில் வெள்ளிக் கண்ணாடி தயாரானது. கிரீடம் இடித்ததால் பூசாரி அதை மஞ்சள் நூலால் கட்டினார். அம்மன் பரீட்சை மேற்பார்வைக்கு வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருந்தாள். கூட்டம் அலைமோதியது. ரிடையர்டு வாத்தியார் ஒருவர் தன் கண்ணாடியைத் தட்டில் வைத்து, அதன் பேருக்கே அர்ச்சனை செய்துகொண்டு போனார்.

அம்மனே போட்டபின் இவரைத் தடுக்க முடியாது. இனி ஒரே வழிதான். மரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்த் தெருக்கோடியில் நட்டார்கள். தவில்காரர் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார்.

விஜயதசமி அன்று இவர் கல்லின் மேல் ஏறினார். கூட்டம் முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அத்தனை தூரத்துக்கு இவர் அம்பு விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. யார்மேலாவது பட்டுத் தொலைத்தால்? படாமல் போனால்? தாடையை இறக்கினார். மரத்தைப் பார்த்தார். பிறகு மரத்துக்கும் தனக்கும் நடுவில் மண் தெருவைப் பார்த்தார். அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மரம் நட்ட குழியைச் செங்கல் தூள் போட்டு மூடியிருந்தோம். சிவப்புத் திட்டுகள், கோடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அவர் காலடியை நோக்கி வந்திருந்தன.

வெகுநேரம் பார்த்தார். வில்லைத் தாழ்த்தி, கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தா, புடி. இத்த போட்டா குழியெல்லாம் தெரியுது."

கல்லை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். தர்மகர்த்தா பதறிப்போய், "டேய், எங்கடா போற? கல்லு மேல நின்னுதான்டா போடணும்!" என்று கத்தினார்.

இவர் திரும்பவில்லை. "இத்தினி வருஷமா மரம் என்னாண்ட நடந்து வந்துச்சே அண்ணாத்தே, அப்ப ஒரு வார்த்த கேட்டியா? ஒரு தபா நான் அதாண்ட நடந்து போனா கொறஞ்சா பூடுவேன்?"

ஒவ்வொரு சிவப்புத் திட்டாக மிதித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். வாழை மரத்துக்கு நான்கு எட்டு முன்னால் நின்றார். இழுத்தார், விட்டார். நட்டநடுவில் இறங்கியது.

ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்புதான் வரும், வீட்டில் பனியனோடு பார்க்கிற ஆளாயிற்றே என்று. அன்று கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் கும்பிட்டேன்.