வடக்குச் சரிவில் எட்டாம் சதுரம்

எட்டாம் சதுரத்தில் பதினொரு செடிகள் என்று எழுதியிருந்தேன். அந்தச் சதுரத்தை நான் பார்க்கவே இல்லை.

தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரும் எங்கள் பேராசிரியையும் களப்பணிக்காக வெளிநாட்டு மலை ஒன்றுக்கு வந்திருந்தோம். சிகரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மீட்டர் சதுரங்கள் சில இருந்தன. மூலைக்கு ஓர் ஆணியைப் பாறையில் அறைந்து வைத்திருந்தார்கள். ஆணிகளைச் சுற்றி நூல் கட்டி, உள்ளே வேர்விட்ட செடிகளை எண்ண வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு வேறு மாணவர்கள் எண்ணிய அதே சதுரங்கள். மலை சூடாகிறதா, கீழே வளரும் செடிகள் மேலே ஏறுகின்றனவா என்பதை இந்த எண்களை வைத்துத்தான் சொல்வார்கள்.

இன்று காலை ஏறிய சிறிய சிகரத்தில் வடக்குச் சரிவு எனக்கும் ஒட்டடைக்குச்சிக்கும். அவள் என் அறைத்தோழி. உயரத்துக்காக வந்த பெயர். என்னை ஆமை என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எட்டாம் சதுரம் சரிவின் விளிம்பில் இருந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை, மேகம்தான். மூச்சு முட்டியது, தலை பிளந்தது, விளிம்புக்குப் போகாமலே நின்றுவிட்டேன்.

"முடிஞ்சுதா?" என்று மேலிருந்து கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

ஏழாவதில் பன்னிரண்டு இருந்தது. எட்டாவதிலும் அதையே போட்டால் காப்பியடித்ததுபோல் இருக்குமே என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்திசாலித்தனம்.

இன்று மாலை விடுதியின் சாப்பாட்டு அறையில் பேராசிரியை எங்கள் தாள்களை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஹீட்டர் மேல் ஈரக் காலுறைகள் வரிசையாகக் கிடந்தன. மற்றவர்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, நாளை ஏறப்போகும் பெரிய சிகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் படம் ஒரு வருடமாக என் அலமாரிக் கதவில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவல்களில் மலைகளாகப் படித்துத் தள்ளி, பனியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் வாசனை எனக்குத் தெரியும் என்று நம்பியவள் நான். நாளை ஒருநாள்தான் வானம் தெளிவாக இருக்கும். மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறோம்.

"இங்க பாருங்கப்பா!" பேராசிரியை எழுந்துவிட்டார். "வடக்கு, எட்டாவது. பத்து வருஷம் முன்னாடி மூணு. இப்போ பதினொண்ணு! நம்ம அறிக்கையில முதல் வரியே இதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒட்டடைக்குச்சி என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

சும்மா கிடந்திருந்தால் அது ஒரு பொய் எண்ணாக மட்டும் இருந்திருக்கும். இப்போது அது கண்டுபிடிப்பு ஆகிவிட்டது.

"மேடம், அதை நான் எண்ணல. சும்மா போட்டேன்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காலியா விட்டிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேனே."

"நாளைக்கு நான் மறுபடி அங்க போறேன், மேடம்."

"நாளைக்குப் பெரிய சிகரம்மா."

"தெரியும் மேடம்."

"உதவி வழிகாட்டி கூட வருவாங்க. ஆனா எழுத இன்னொரு ஆள் வேணும். யாரைப் போகச் சொல்றது?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒட்டடைக்குச்சிதான் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அந்தத் தாள்ல என் கையெழுத்தும் இருக்கு. நான்தான் போயாகணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீ இல்லாத பூசணிக்காயை எடுத்து எல்லாருக்கும் காட்டியிருக்க பாரு!"

காலையில் வகுப்பு வலப்பக்கப் பாதையில் போனது. நாங்கள் மூவரும் இடப்பக்கம் திரும்பினோம். உதவி வழிகாட்டி எங்கள் வயதுக்காரி. எங்கள் மொழி தெரியாது. என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்று சைகை காட்டினாள். நூறு அடி எண்ணுவேன், நிற்பேன், ஐந்து முறை மூச்சு விடுவேன், மறுபடி நூறு. யாருக்கும் பதில் சொல்ல மூச்சு இல்லாதது ஒருவகையில் வசதியாக இருந்தது. ஒட்டடைக்குச்சியின் வாய் மட்டும் பின்னாலேயே வந்தது.

"இந்த வேகத்துல போனா நாம போய்ச் சேர்றதுக்குள்ள செடியெல்லாம் மரமாயிடும்டி."

"மரம்னா... எண்றது... சுலபம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நண்பகலுக்கு முன் உச்சியில் இருந்தோம். வழிகாட்டி என் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பாறையில் சுற்றிப் பிடித்தாள். விளிம்பு நேற்றைப் போலவேதான் இருந்தது. குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து இறங்கினேன். நூலைக் கட்டினேன். பென்சில் முனையால் ஓர் ஓரத்திலிருந்து தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

நான்கு. மறுபடி எண்ணினேன். நான்குதான்.

"அதோ, பெரிய சிகரத்துல நம்மாளுங்க! உச்சிக்கே போயிட்டாங்க!" என்று மேலே அவள் கத்தினாள். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை தொட்டுவந்த பென்சில் மூன்றாவது செடியில் இருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

மேலே வந்து நான்கு என்றேன். அவள் தாளைத் தொடவில்லை.

"கயித்தை என் இடுப்புல கட்டச் சொல்லு."

"எதுக்கு?"

"நேத்து உன் வாயை நம்பினேன். இன்னைக்கு என் கண்ணை நம்பிக்கறேன்."

கயிற்றின் வாலை நானும் பிடித்துக்கொண்டேன். கையும் காலும் நான்கு திசைக்கு நீள அவள் இறங்கினாள். பென்சில் கல்லில் உரசும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு, "அஞ்சு!"

"நாலுடி."

"அஞ்சு! மூலை ஆணிகிட்ட, கல்லுக்கு அடியில ஒண்ணு இருக்கு."

அவள் ஏறி வந்தபோது மேகம் கீழிருந்து கிளம்பிவிட்டது. வழிகாட்டி பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பத்து நிமிடம்.

"சரி, அஞ்சுன்னு போடு, கிளம்பலாம்" என்றாள் ஒட்டடைக்குச்சி. குரலில் கோபம் தணிந்திருந்தது. "நான்தான் பார்த்துட்டேனே."

"நான் பார்க்கலையே."

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு தானே குனிந்து கயிற்றை என் இடுப்பில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

மறுபடி படுத்தேன், ஊர்ந்தேன். மூலை ஆணிக்குப் பக்கத்துக் கல்லின் நிழலில் கன்னத்தைத் தரையோடு வைத்தால்தான் அது தெரிந்தது. எள்ளைவிடச் சிறிய இரண்டு இலைகள். நூல் சரியாக அதன் மேல் ஓடியது. பனி முகத்தில் பட்டது. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த எந்த வாசனையும் அதில் இல்லை.

"தெரியுதாடி?"

"இரு, வேர் உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு பார்க்கறேன்."

"மேகம் வருதுடி!"

"வரட்டும்."

கையுறையைப் பல்லால் கழற்றி, நூலை நகத்தால் மெல்ல விலக்கினேன்.